பழைய டெஸ்க்டாப்புக்கு எந்த டிஸ்க்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2012-க்கும் 2018-க்கும் இடையில் வாங்கிய, ஒரே ஒரு ஹார்ட் டிஸ்க்கோடு ஓடிக்கொண்டிருக்கும் டெஸ்க்டாப்புகளை மனதில் வைத்து எழுதிய பதில்கள் இவை. வீட்டிலும், டிடிபி கடையிலும், ஆடிட்டர் ஆபீஸிலும், போட்டோ ஸ்டூடியோவிலும் இன்னும் இந்த மெஷின்கள்தான் வேலை செய்கின்றன. புதிதாக அசெம்பிள் செய்பவர்களுக்கும் பெரும்பாலானவை பொருந்தும்.

பிசி ஆன் ஆகி வேலைக்குத் தயாராகவே ஐந்து நிமிடம் ஆகிறது. ரேம் கூட்டவா, எஸ்எஸ்டி போடவா?

டாஸ்க் மேனேஜரைத் திறந்து 'பெர்ஃபார்மன்ஸ்' பக்கத்தைப் பாருங்கள். டிஸ்க் 100 சதவீதத்தில் ஒட்டிக்கொண்டு நிற்க, பிராசஸர் 10, 15 சதவீதத்தில் சும்மா இருந்தால் இழுத்துப் பிடிப்பது டிஸ்க்தான். 8 ஜிபி ரேம் இருக்கிறதென்றால் யோசிக்காமல் முதலில் எஸ்எஸ்டி (சுற்றும் தட்டு இல்லாமல் சிப்பில் டேட்டாவை வைக்கும் டிஸ்க்). 4 ஜிபி மட்டும் என்றால் இரண்டுமே வேண்டியிருக்கும். ரேம் நிரம்பியதும் விண்டோஸ் மீதியை டிஸ்க்கில் எழுதி வைத்து எடுக்கும். அப்போதும் டிஸ்க்தான் 100 காட்டும், குற்றவாளி ரேமாக இருப்பார்.

ஹார்ட் டிஸ்க் ஏன் இவ்வளவு திணறுகிறது? நிமிடத்துக்கு 7200 முறை சுற்றும் தட்டு ஒரு சுற்று முடிக்க 8.3 மில்லிசெகண்ட். படிக்கும் முனை சரியான தடத்துக்கு நகரவும் நேரம் வேண்டும். இரண்டையும் சேர்த்தால், இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கிடக்கும் சின்னச் சின்னத் துண்டுகளை நொடிக்கு நூறு அளவில்தான் அதனால் எடுக்க முடியும். விண்டோஸ் பூட் ஆவதும், பிரவுசர் திறப்பதும், ஆன்டிவைரஸ் ஓடுவதும் எல்லாமே அப்படிப்பட்ட துண்டு வேலைகள். சாதாரண எஸ்எஸ்டிகூட இதே வேலையை நொடிக்குப் பல்லாயிரம் முறை செய்யும். அதனால்தான் பத்து வருடப் பழைய ஐ3 மெஷினில்கூட மாற்றம் அன்றைக்கே தெரிகிறது.

சாட்டா எஸ்எஸ்டி நொடிக்கு 550 எம்பி, என்விஎம்இ 7000 எம்பி என்று போட்டிருக்கிறார்கள். பன்னிரண்டு மடங்கு வேகமா?

சாட்டா என்பது ஹார்ட் டிஸ்க்கும் பயன்படுத்தும் பழைய கேபிள் இணைப்பு. என்விஎம்இ என்பது மதர்போர்டின் பிசிஐஇ என்ற வேகமான பாதையில் நேரே இணையும் எஸ்எஸ்டி. பெரிய ஃபைலை ஒரே மூச்சில் காப்பி செய்தால், ஆமாம். அதுவும் இரண்டு பக்கமும் அதே வேகம் இருந்தால்தான். பென் டிரைவிலிருந்து காப்பி செய்யும்போது என்விஎம்இ போட்டு ஒரு பயனும் இல்லை.

பெட்டியில் அச்சடித்திருக்கும் எண்கள் எல்லாம் தொடர்ச்சியாகப் படிக்கும் வேகம். சாட்டா 3 இணைப்பின் உச்சமே நொடிக்கு 600 எம்பி, நடைமுறையில் 550. பிசிஐஇ 3.0 நான்கு லேன் (டேட்டா போகும் தடம்) என்விஎம்இ சுமார் 3500 எம்பி, 4.0 என்றால் சுமார் 7000, 5.0 என்றால் 14,000 வரை. ஆனால் முந்தைய பதிலில் சொன்ன துண்டு வேலைகளில் இந்த இடைவெளி வெகுவாகச் சுருங்கிவிடுகிறது. ஹார்ட் டிஸ்க்கிலிருந்து சாட்டா எஸ்எஸ்டிக்குத் தாவும்போது யாருக்கும் வித்தியாசம் தெரியும். சாட்டாவிலிருந்து என்விஎம்இக்குப் போனால், ஸ்டாப்வாட்ச் வைத்துப் பார்த்தால் தெரியும். 4கே வீடியோ எடிட் செய்கிறவர்கள், பெரிய டேட்டாபேஸ் வைத்திருப்பவர்கள், ஒரே மெஷினில் பல விர்ச்சுவல் மெஷின் ஓட்டுகிறவர்கள் கதை வேறு. டேலியும் எக்செலும் ஓடும் மெஷினுக்கு 7000 எம்பி தேவையே இல்லை. அந்தப் பணத்தில் ஒரு படி பெரிய கொள்ளளவு வாங்கலாம், அல்லது ஒரு பேக்கப் டிஸ்க்.

புதிய போர்டுக்கு வாங்குகிறீர்கள், சாட்டாவும் என்விஎம்இயும் கிட்டத்தட்ட ஒரே விலை என்றால் என்விஎம்இயே எடுங்கள். கேபிள் இரண்டு மிச்சம்.

எம்.2 என்றால் என்விஎம்இதானே?

இல்லை. கடையில் மாறிப்போவது பெரும்பாலும் இங்கேதான். எம்.2 என்பது அந்தப் பட்டையான அட்டையின் வடிவம் மட்டும். 2280 என்று போட்டிருந்தால் 22 மி.மீ. அகலம், 80 மி.மீ. நீளம். அதே வடிவத்தில் சாட்டா எஸ்எஸ்டியும் வருகிறது, என்விஎம்இயும் வருகிறது. ஸ்லாட் சாட்டாவை மட்டும் ஏற்குமா, என்விஎம்இயை மட்டும் ஏற்குமா, இரண்டையுமா என்பது போர்டைப் பொறுத்தது. தங்க நிற முனையில் இரண்டு வெட்டு இருந்தால் பெரும்பாலும் சாட்டா, ஒரே வெட்டு என்றால் பெரும்பாலும் என்விஎம்இ. 'பெரும்பாலும்'தான், சத்தியம் இல்லை, லேபிளைப் படியுங்கள்.

என் மதர்போர்டில் எது சேரும் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

விண்டோஸ் தேடலில் 'சிஸ்டம் இன்ஃபர்மேஷன்' என்று அடித்துத் திறந்தால் 'பேஸ்போர்டு புராடக்ட்' என்ற வரியில் போர்டின் மாடல் இருக்கும். அந்த மாடலின் மேனுவலை நிறுவனத்தின் தளத்திலிருந்து இறக்கி, ஸ்டோரேஜ் பக்கத்தை மட்டும் படித்தால் போதும். கேபினட்டைத் திறப்பதற்கு முன்பே பாதி கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும்.

பொதுவாகச் சொன்னால் இப்படி. இன்டெல் இரண்டாம், மூன்றாம் தலைமுறை பிராசஸரோடு வந்த எச்61 போர்டுகள்: சிப்செட்டில் (போர்டின் இணைப்புகளைக் கவனிக்கும் சிப்) உள்ள நான்கு போர்ட்டுகளும் சாட்டா 2. எந்த எஸ்எஸ்டி போட்டாலும் நொடிக்கு 270 எம்பி பக்கம்தான் வரும். வருத்தப்பட வேண்டாம், துண்டு வேலைகளுக்கு இதுவே ஏராளம். இருப்பதிலேயே வேகமான சாட்டா எஸ்எஸ்டியைத் தேடி அதிகம் கொடுக்காதீர்கள், அவ்வளவுதான். நான்காம் தலைமுறைக்கான எச்81: இரண்டு போர்ட் சாட்டா 3, இரண்டு சாட்டா 2. எஸ்எஸ்டியைச் சரியான போர்ட்டில் செருகினால்தான் முழு வேகம் கிடைக்கும். எது எது என்று போர்டிலேயே போர்ட்டின் பக்கத்தில் பொடி எழுத்தில் அச்சடித்திருப்பார்கள். டார்ச் அடித்துப் பாருங்கள்.

2014-ல் வந்த எச்97, இசட்97 போர்டுகள் சிலவற்றில் எம்.2 எட்டிப்பார்க்கிறது, ஆனால் பலவற்றில் அது 10 கிகாபிட் ஸ்லாட். என்விஎம்இ போட்டாலும் நொடிக்கு 1 ஜிபியைத் தொடாது. ஆறாம் தலைமுறை முதல் நடுத்தர போர்டுகளில் எம்.2 சகஜம். மலிவான எச்110-ல் பலவற்றில் கிடையாது. ஏஎம்டி பக்கம், 2017 முதல் வந்த ஏஎம்4 போர்டுகளில் அநேகமாக ஒன்றாவது இருக்கும்.

இன்னொன்று. பல போர்டுகளில் எம்.2 ஸ்லாட்டும் சில சாட்டா போர்ட்டுகளும் ஒரே பாதையைப் பங்குபோடுகின்றன. புதிய எம்.2 போட்டதும் பழைய ஹார்ட் டிஸ்க் காணாமல் போனால் டிஸ்க் செத்துவிட்டது என்று பதறாதீர்கள். கேபிளை வேறு போர்ட்டுக்கு மாற்றிப் பாருங்கள்.

எம்.2 ஸ்லாட் இல்லை. பிசிஐஇ அடாப்டர் கார்டில் என்விஎம்இ போடலாமா?

போடலாம், டேட்டா டிரைவாக விண்டோஸ் 10 அதை எடுத்துக்கொள்ளும். ஆனால் எச்61, எச்81 காலத்துப் பயாஸ்களில் (பிசி ஆன் ஆனதும் முதலில் ஓடும், போர்டிலேயே உள்ள மென்பொருள்) பெரும்பாலும் என்விஎம்இயிலிருந்து பூட் செய்யும் வசதி இல்லை. பயாஸை மாற்றி எழுதுவது, பென் டிரைவில் க்ளோவர் பூட்லோடர் வைத்து ஏமாற்றுவது என்று குறுக்கு வழிகள் உண்டு. பொழுதுபோக்குக்குச் செய்யலாம், சம்பளம் போடும் மெஷினில் வேண்டாம். அதுவும் எச்61-ன் சின்ன பிசிஐஇ ஸ்லாட்டுகள் 2.0, ஒரே லேன். நொடிக்கு 500 எம்பிதான். அதற்கு 2.5 இன்ச் சாட்டா எஸ்எஸ்டியே மேல்.

எவ்வளவு ஜிபி வாங்குவது?

விண்டோஸும் ஆபீஸும் பிரவுசரும் மட்டும் என்றால் 256 ஜிபி போதும். ஆனால் 500 ஜிபிதான் என் பரிந்துரை. எஸ்எஸ்டி நிரம்ப நிரம்ப எழுதும் வேகம் குறையும், பத்து பதினைந்து சதவீதமாவது காலியாக விட வேண்டும். 256-ல் அந்தக் காலி இடம் ஒரே விண்டோஸ் அப்டேட்டில் நிரம்பிவிடும். கேம் ஆடுகிறவர்கள் 1 டிபிக்குக் கீழே பார்க்கவே வேண்டாம்.

1 டிபி வாங்கினால் விண்டோஸ் 931 ஜிபி என்றுதான் காட்டும். தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாகப் பெருக்குகிறார், விண்டோஸ் 1024-ஆல் வகுக்கிறது. கடைக்காரர் மேல் தப்பில்லை.

டிஎல்சி, க்யூஎல்சி, டிராம் கேஷ்... இதெல்லாம் பார்த்துத்தான் வாங்க வேண்டுமா?

வேகத்தைவிட இதைத்தான் பார்க்க வேண்டும். ஒரே கொள்ளளவில் இரண்டு எஸ்எஸ்டி, ஒன்று கணிசமாக மலிவு என்றால் காரணம் அநேகமாக இதில்தான் ஒளிந்திருக்கிறது.

ஃப்ளாஷ் மெமரியின் ஒரு செல்லில் மூன்று பிட் வைத்தால் டிஎல்சி, நான்கு வைத்தால் க்யூஎல்சி. நான்கு வைக்கும்போது அதே சிப்பில் கூடுதலாக அடைக்கலாம், ஆனால் எழுத நேரம் பிடிக்கும், தேய்மானமும் அதிகம். இதை மறைக்க, காலியாக உள்ள செல்களில் ஒரு பிட் மட்டும் வேகமாக எழுதிவைத்து, பிறகு ஓய்வில் நான்கு நான்காக அடுக்குகிறது டிரைவ். இந்தத் தற்காலிக இடம் தீரும்வரை எல்லாம் பறக்கும். தீர்ந்தால்? சாம்சங் 870 க்யூவிஓ 1 டிபி மாடலுக்கு, அந்த இடம் தீர்ந்த பிறகு எழுதும் வேகம் நொடிக்கு 80 எம்பி என்று சாம்சங்கே குறிப்பேட்டில் போட்டிருக்கிறது. ஹார்ட் டிஸ்க்கைவிட மெதுவு! கல்யாண வீடியோ 200 ஜிபியை ஒரே மூச்சில் கொட்டுகிற ஸ்டூடியோக்காரருக்கு இது ஆகாது. படிப்பது அதிகம், எழுதுவது குறைவு என்று இருக்கும் வீட்டு மெஷினுக்கும் கேம் டிரைவுக்கும் க்யூஎல்சி தாராளமாகப் போதும்.

பெட்டியில் டிஎல்சியா க்யூஎல்சியா என்று எழுதாவிட்டால் 'டிபிடபிள்யூ' எண்ணைப் பாருங்கள். வாரண்டிக் காலத்தில் எத்தனை டெராபைட் எழுதலாம் என்று நிறுவனம் தரும் உத்தரவாதம் அது. 870 ஈவோ 1 டிபி 600, அது டிஎல்சி. க்ரூஷியல் பி3 1 டிபி 220, அது க்யூஎல்சி. 1 டிபிக்கு 200 சொச்சம் என்றால் எதைத் தருகிறார்கள் என்று ஊகித்துக்கொள்ளலாம். பெயரை மட்டும் நம்பவும் முடியாது. டிஎல்சியாக அறிமுகமான க்ரூஷியல் பி2, 2021-ல் அதே பெயரில் க்யூஎல்சியாக மாறி வந்தது. அதனால் பழைய ரிவ்யூவின் தேதியைப் பாருங்கள்.

டிராம் விஷயம்: எந்த டேட்டா எந்தச் செல்லில் இருக்கிறது என்ற அட்டவணையை டிரைவ் தன் டிராமில் (தனக்குள்ளேயே இருக்கும் சின்ன ரேம்) வைத்துக்கொள்கிறது. டிராம் இல்லாத என்விஎம்இ, கம்ப்யூட்டரின் ரேமில் கொஞ்சம் கடன் வாங்கிச் சமாளிக்கும். சாட்டாவுக்கு அந்த வசதி கிடையாது. ஆகவே டிராம் இல்லாத என்விஎம்இக்குப் பயப்பட வேண்டாம். டிராம் இல்லாத சாட்டா எஸ்எஸ்டியை, முடிந்தால், தவிர்த்துவிடுங்கள்.

எஸ்எஸ்டி சீக்கிரம் தேய்ந்துவிடும் என்கிறார்களே?

870 ஈவோ 250 ஜிபிக்கு 150 டிபிடபிள்யூ. தினமும் 20 ஜிபி எழுதினாலும் அதைத் தொட 20 வருடம் ஆகும். சாதாரண ஆபீஸ் மெஷின் 20 ஜிபி எழுதுவதே அபூர்வம். அதற்குள் மதர்போர்டு போய்விடும். ஒன்று மட்டும்: எஸ்எஸ்டியை டீஃப்ராக் செய்யும் பழைய மென்பொருள் ஏதாவது இருந்தால் தூக்கிவிடுங்கள். விண்டோஸின் 'ஆப்டிமைஸ்' எஸ்எஸ்டிக்கு எது சரியோ அதைத் தானே செய்துகொள்ளும்.

அப்படியானால் ஹார்ட் டிஸ்க் இனி வேண்டவே வேண்டாமா?

விண்டோஸ் வைக்க வேண்டாம். போட்டோ, வீடியோ, சிசிடிவி பதிவு, பழைய கணக்கு என்று குவியும் டேட்டாவுக்கு இன்னும் ஹார்ட் டிஸ்க்தான் மலிவு. வருடக்கணக்கில் பீரோவில் பூட்டிவைக்கும் பேக்கப்புக்கும் அதுதான் பொருத்தம். மின்சாரமே இல்லாமல் நெடுநாள் கிடந்தால், அதிலும் நம் ஊர் வெயிலில், எஸ்எஸ்டி செல்களிலிருந்து டேட்டா மெல்ல நழுவக்கூடும்.

வாங்கும்போது சிஎம்ஆரா எஸ்எம்ஆரா என்று கேளுங்கள். சிஎம்ஆரில் தடங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் தனித்தனியே இருக்கும். எஸ்எம்ஆர் டிஸ்க்கில் தடங்களைக் கூரைக்கு ஓடு வேய்வது போல ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி எழுதுகிறார்கள். நடுவில் ஒன்றை மாற்ற வேண்டுமென்றால் பக்கத்தில் உள்ளவற்றையும் எடுத்துத் திரும்ப எழுத வேண்டும். ஒரு தடவை எழுதி வைத்துவிடுகிற பேக்கப்புக்குப் பரவாயில்லை. அடிக்கடி அழித்து எழுதினால், ரெய்டு (பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்ப்பது) போட்டால், படுத்தும். 2020-ல் வெஸ்டர்ன் டிஜிட்டல், நாஸ் பெட்டிகளுக்கென்றே (நெட்வொர்க்கில் பலரும் பகிரும் டிஸ்க் பெட்டி) விற்ற ரெட் வரிசையில் 2 முதல் 6 டிபி வரையிலான சில மாடல்களைச் சொல்லாமலேயே எஸ்எம்ஆர் ஆக்கியிருந்தது வெளியே வந்து பெரிய சச்சரவாயிற்று. அதற்குப் பிறகுதான் மாடல் வாரியாகப் பட்டியல் வெளியிட்டார்கள். டெஸ்க்டாப் வரிசையிலும் உண்டு. சீகேட் பார்ராகுடா 2 டிபி எஸ்எம்ஆர்தான்.

செகண்ட் ஹேண்ட் டிஸ்க் வாங்கலாமா?

எஸ்எஸ்டி என்றால், கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருளில் ஹெல்த் சதவீதமும் எழுதிய மொத்த அளவும் பார்த்துவிட்டு வாங்கலாம். ஹார்ட் டிஸ்க் என்றால் நான் வாங்க மாட்டேன். ஓடிய மணி நேரத்தைப் பூஜ்யமாக்கிவிட முடியும். 2025 தொடக்கத்தில், டேட்டா சென்டர்களில் பல்லாயிரம் மணி நேரம் ஓடிய சீகேட் டிஸ்க்குகள் ஐரோப்பாவில் புதியவையாக விற்கப்பட்டதை ஜெர்மனியின் ஹைஸா தளம் வெளிக்கொண்டுவந்தது. டிஸ்க் தன் நிலையைத் தானே குறித்துவைக்கும் வழக்கமான 'ஸ்மார்ட்' கணக்கில் பூஜ்யம். உள்ளே 'ஃபார்ம்' என்ற இன்னொரு பதிவைப் பார்த்தபோதுதான் குட்டு உடைந்தது. வீதிக் கடையில் அந்தப் பதிவையெல்லாம் யார் பார்க்கப்போகிறார்கள்?

பழையதை அப்படியே குளோன் செய்யவா, புதிதாக விண்டோஸ் போடவா?

மெஷின் இதுவரை ஒழுங்காக ஓடியது, போட்டிருக்கும் மென்பொருள்களின் சிடியோ கீயோ இப்போது கையில் இல்லை என்றால் குளோன். க்ளோன்ஜில்லா இலவசம், கொஞ்சம் முரட்டுத்தனமானது. சாம்சங், க்ரூஷியல், கிங்ஸ்டன் போன்றவை தங்கள் டிரைவுக்கென்று இலவச மென்பொருள் தருகின்றன. 1 டிபி டிஸ்க்கில் 180 ஜிபிதான் நிரம்பியிருக்கிறது என்றால் 500 ஜிபி எஸ்எஸ்டிக்குக் குளோன் செய்ய முடியும், முதலில் பார்ட்டிஷனைச் சுருக்க வேண்டியிருக்கலாம். பழைய டிஸ்க் ஏற்கெனவே கரகரக்கிறது, ஃபைல் திறக்க மறுக்கிறது என்றால் குளோனுக்கு முன்னால் முக்கியமான ஃபைல்களை மட்டும் தனியே எடுத்துவிடுங்கள். குளோன் பாதியில் உயிரை விடும் டிஸ்க்குகள் உண்டு.

வருடக்கணக்கில் குப்பை சேர்ந்த மெஷின் என்றால் புது இன்ஸ்டால்தான் நல்லது. விண்டோஸ் டிஜிட்டல் லைசென்ஸ் முக்கியமாக மதர்போர்டோடு கட்டப்பட்டது. டிஸ்க் மாற்றினால் புதுக் கீ வாங்க வேண்டியதில்லை. டேலி வைத்திருப்பவர்கள் லைசென்ஸை சரண்டர் செய்துவிட்டு ஆரம்பியுங்கள். டிடிபி கடைக்காரர்கள் ஃபாண்ட்ஸ் ஃபோல்டரைக் காப்பி எடுக்க மறந்தால் பாமினியில் அடித்த பழைய பத்திரிகைகள் எல்லாம் வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத் திறக்கும்.

இன்ஸ்டால் செய்யும்போது பழைய டிஸ்க்கின் கேபிளைக் கட்டாயம் பிடுங்கிவிடுங்கள். இரண்டும் இணைந்திருந்தால் விண்டோஸ் எஸ்எஸ்டியில் உட்கார்ந்துகொண்டு பூட் பகுதியைப் பழைய டிஸ்க்கில் போய் எழுதிவிடும். ஆறு மாதம் கழித்துப் பழைய டிஸ்க்கைக் கழற்றும் நாளில்தான் மெஷின் எழும்ப மறுக்கும், காரணமும் புரியாது.

எஸ்எஸ்டியைப் போட்டாயிற்று, கண்ணிலேயே படவில்லை.

'மை கம்ப்யூட்டர்' பக்கத்தில் தேடாதீர்கள். டிஸ்க் மேனேஜ்மென்ட் திறந்தால் 'அன்அலோகேட்டட்' என்று கறுப்புப் பட்டையோடு இருக்கும். இனிஷியலைஸ், பிறகு ஃபார்மேட். அங்கேயும் இல்லையென்றால் பயாஸில் பாருங்கள், அப்புறம் கேபிள். பதினோராம் தலைமுறைக்குப் பிந்தைய இன்டெல் மெஷினில் விண்டோஸ் இன்ஸ்டாலர் என்விஎம்இயைக் காட்டாவிட்டால் பயாஸில் உள்ள விஎம்டி அமைப்புதான் (என்விஎம்இயை இன்டெல்லின் தனி டிரைவர் வழியாக நிர்வகிப்பது) வழக்கமான காரணம். அதை அணைக்கலாம், அல்லது இன்டெல் ஆர்எஸ்டி டிரைவரைப் பென் டிரைவில் வைத்து ஏற்றலாம். ஏற்கெனவே விண்டோஸ் ஓடும் மெஷினில் இந்த அமைப்பைச் சும்மா மாற்றிப் பார்க்காதீர்கள், நீலத் திரைதான் வரும்.

எஸ்எஸ்டி போட்டால் விண்டோஸ் 11 ஏறுமா?

டிஸ்க்குக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 64 ஜிபி இடத்தோடு டிபிஎம் 2.0-வும் (பாதுகாப்புக்கான சிப் வசதி), இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறையோ அதற்கு மேலோ வேண்டும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. எச்61, எச்81 மெஷினில் செலவு செய்யும் முன் இதை எண்ணிப் பாருங்கள். லினக்ஸ் பழகத் தயாராக இருந்தால் அந்த மெஷின்கள் எஸ்எஸ்டியோடு இன்னும் சில வருடம் நன்றாகவே உழைக்கும். இல்லாவிட்டாலும் 2.5 இன்ச் எஸ்எஸ்டியைப் பிறகு புது மெஷினுக்குக் கொண்டுபோகலாம், பணம் வீணில்லை.

ஹீட்சிங்க் வேண்டுமா?

சாட்டாவுக்கு வேண்டாம். பிசிஐஇ 3.0-வுக்குப் பெரும்பாலும் வேண்டாம். 5.0-வுக்குக் கட்டாயம். போர்டோடு வந்த ஹீட்சிங்க்கை மாட்டும்போது தெர்மல் பேடின் மேலுள்ள பிளாஸ்டிக் தாளை உரித்துவிட்டு மாட்டுங்கள்.

கழற்றிய ஹார்ட் டிஸ்க்கை என்ன செய்வது?

ஒரு மாதம் அப்படியே வைத்திருங்கள். விட்டுப்போன ஃபைல் ஏதாவது ஒன்று நிச்சயம் நினைவுக்கு வரும். பிறகு கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் 'ரீஅலோகேட்டட்', 'பெண்டிங்' செக்டார் எண்களைப் பாருங்கள். இரண்டும் பூஜ்யம் என்றால் பேக்கப்புக்கு வைத்துக்கொள்ளலாம். வெளியே வைத்துப் பயன்படுத்த, 3.5 இன்ச் டிஸ்க்குக்குத் தனி 12 வோல்ட் அடாப்டரோடு வரும் யுஎஸ்பி பெட்டி தேவை. பெண்டிங் எண் கூடிக்கொண்டே போனால் அதை நம்பி ஒன்றும் வைக்காதீர்கள். சிஆர்சி பிழை மட்டும் ஏறினால் டிஸ்க்கில் கோளாறு இல்லை, டேட்டா கேபிளை மாற்றினாலே போதும்.

எஸ்எஸ்டி போட்ட பிறகும் பேக்கப் வேண்டுமா?

முன்பைவிட அதிகமாக வேண்டும். ஹார்ட் டிஸ்க் சாகும் முன் பல சமயம் சத்தம் போடும், மெதுவாகும், ஒரு வாரம் அவகாசம் தரும். எஸ்எஸ்டி நேற்று மாலை வரை நன்றாக இருந்து இன்று காலை பயாஸிலேயே தெரியாமல் போகும். தவறுதலாக அழித்த ஃபைலை மீட்பதும் கடினம். 'டிரிம்' என்ற ஏற்பாட்டின்படி, அழித்த இடத்தை டிரைவ் தானே துடைத்துவிடுகிறது. கரண்ட் அடிக்கடி போகும் இடமென்றால் யுபிஎஸ் இல்லாமல் டிஸ்க்குக்குச் செலவு செய்வதில் அர்த்தமில்லை.

இப்போது வாங்கலாமா, விலை இறங்கக் காத்திருக்கலாமா?

2025 கடைசியில், ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரி சிப்புகளை அள்ளத் தொடங்கியதும் ரேம் விலை எகிறியது, எஸ்எஸ்டியும் பின்னாலேயே ஏறியது. அந்த டிசம்பரில் மைக்ரான், க்ரூஷியல் பெயரில் நேரடியாக வாடிக்கையாளருக்கு விற்பதையே நிறுத்தப்போவதாக அறிவித்தது. இந்தத் துறையில் இப்படி ஏறுவது புதிதல்ல. 2011 தாய்லாந்து வெள்ளத்தில் தொழிற்சாலைகள் மூழ்கியபோது ஹார்ட் டிஸ்க் விலையும் இப்படித்தான் ஏறியது. மெஷின் வேலையைத் தடுக்கிறதென்றால் தேவையான அளவு மட்டும் இப்போதே வாங்கிவிடுங்கள்: விண்டோஸுக்கு 500 ஜிபி எஸ்எஸ்டி, டேட்டாவுக்கு இருக்கும் ஹார்ட் டிஸ்க்கே தொடரட்டும். 2 டிபி எஸ்எஸ்டி ஆசைகளைத் தள்ளிப்போடலாம். பில்லில் சீரியல் நம்பரை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், வாரண்டிக்குப் போகும்போது முதலில் கேட்பது அதைத்தான்.